ஓசூர் மண்ணின் பூக்கள்: ரசிக்க, வளர்க்க, காக்க 22 குறிப்புகள்

ஓசூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சிப்காட் ஆலைகளும் பசுமைக்குடில் ரோஜாக்களும்தான். காதலர் தினம் நெருங்கினால் இங்கிருந்து ரோஜாக்கள் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போகின்றன. அதே செம்மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் தாமாகப் பூக்கும் ஆவாரையும் தும்பையும் செங்காந்தளும் இருக்கின்றன. மனைப்பிரிவு போட ஜேசிபி வந்தால் முதல் நாளே அழிபவையும் அவைதான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரம், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைத் தாண்டும் மழை, பாறை கலந்த மண் ஆகிய எல்லாவற்றுக்கும் பழகிய செடிகள் இவை. இவற்றைக் காக்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். வேலியோரம் ஒரு முழ இடமும், கை நிறைய விதையும், களை என்று பிடுங்கும் முன் ஒரு நிமிட யோசனையும் போதும்.

ரசிக்க

1. மாதத்துக்கு ஒரு பூ
பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் உதிர்ந்த புரச மரம் செந்நெருப்பாகப் பூக்கும். பாறைக் குன்றுகளில் கோங்கு மஞ்சளாகப் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றை, வெட்பாலை, வேம்பு. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மழை ஈரத்தில் செங்காந்தள், தும்பை, நீல நிற விஷ்ணுகிரந்தி. டிசம்பர், ஜனவரியில் ஆவாரையும் சிறுபூளையும். இந்தப் பட்டியலை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு ஒரு பூவைத் தேடிப் போனால், மாலுக்குப் போகும் செலவு மிச்சம்.

2. மூன்று மொழியிலும் கேளுங்கள்
எல்லை ஊர்களில் செடியை அறிந்த பெரியவர் தமிழ் பேசுபவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆவாரைக்குத் தெலுங்கில் தங்கேடு, கன்னடத்தில் தங்கடி. நொச்சிக்குத் தெலுங்கில் வாவிலி, கன்னடத்தில் லக்கி. புங்கத்துக்குத் தெலுங்கில் கானுகா, கன்னடத்தில் ஹொங்கே. நாற்றங்காலிலும் சந்தையிலும் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் சரியான செடி கைக்கு வரும்.

3. ஆவாரம் புதர் அருகே பத்து நிமிடம்
ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டுகளுக்கு அது தருவது மகரந்தம் மட்டும். அந்த மகரந்தமும் தொட்டவுடன் உதிராது. அதை அடைத்து வைத்திருக்கும் பைகளின் நுனியில் சிறு துளை மட்டுமே இருக்கும். பெரிய கருநிறத் துளைப்பான் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைத்தால்தான் உப்புத்தூவியிலிருந்து உப்பு உதிர்வது போல அது கொட்டும். காலை வெயிலில் நின்று கவனித்தால் அந்த ரீங்காரம் காதில் விழும். பறக்கும்போது கேட்கும் ஒலியைவிடப் பூவில் அமர்ந்ததும் எழும் ஒலி கூர்மையாக இருப்பதைப் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

4. மழை விட்டதும் பாறைக்குப் போங்கள்
கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கருங்கல் குன்றுகள் வெறும் கல் அல்ல. மழைக்குப் பின் பாறைக் குழிகளில் நீர் தேங்கும். இடுக்குகளில் ஈரம் கசியும். ஒரு விரல்கடை மண்ணில் முளைத்து, பூத்து, விதைத்து, சில வாரங்களில் வாழ்வை முடித்துக்கொள்ளும் சிறு செடிகள் அங்கே உண்டு. இலை முடிகளில் ஒட்டும் துளிகளோடு பூச்சியைப் பிடிக்கும் அழுகண்ணி இப்படிப்பட்ட ஈரப் பாறைகளில் வாழும் செடி. உட்கார்ந்து பார்த்தால்தான் இவை கண்ணில் படும். நடக்கும்போது பாசியும் செடியும் இல்லாத வெறும் கல்லில் மட்டும் கால் வையுங்கள்.

5. பறிக்காமல் படம் எடுங்கள்
பூவை மட்டும் எடுத்தால் செடியை அடையாளம் காண முடியாது. பூ, இலையின் இரு பக்கம், காய், முழுச் செடி என ஐந்து படங்கள் வேண்டும். அவற்றை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடத்தோடு பதிவேற்றினால் அறிந்தவர்கள் பெயர் சொல்லி உதவுவார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரக் காப்பகத்தைச் சேர்ந்த கே.எம்.மாத்யூ, பல ஆண்டுகள் அலைந்து சேகரித்து 1980களில் வெளியிட்ட தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுப்பு இன்றைக்கும் துணை நிற்கிறது. அன்று ஓர் ஆய்வுக் குழு செய்ததில் ஒரு சிறு பங்கை இன்று நம் கைப்பேசியே செய்யும்.

வளர்க்க

6. விதையிலிருந்து தொடங்குங்கள்
காட்டுச் செடியை வேரோடு பெயர்த்து வந்தால் பெரும்பாலும் அது வீட்டில் பட்டுப்போகும், காட்டிலும் ஒன்று குறையும். சாலையோரம், சொந்த வயல், தெரிந்தவர் தோட்டம் ஆகிய இடங்களில் முற்றிய காயை எடுங்கள். பத்துக் காய் இருந்தால் இரண்டு போதும். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும் காவிரி தெற்குச் சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டவை. அங்கும் காப்புக் காடுகளிலும் அனுமதியின்றிச் செடி, விதை, கிழங்கு எடுப்பது சட்டப்படி குற்றம்.

7. கடின விதைக்கு வெந்நீர்
ஆவாரை, சரக்கொன்றை விதைகளின் தோல் கெட்டியானது. நேரே விதைத்தால் மாதக்கணக்கில் முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விதையைப் போட்டு, அப்படியே இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் உப்பியவற்றை விதையுங்கள். உப்பாத விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊற வையுங்கள். ஆவாரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் நிலையான இடத்திலேயே விதைப்பது நல்லது. செடிக்குச் செடி ஒரு மீட்டர் விடுங்கள்.

8. மாநில மலரை வேலியில் ஏற்றுங்கள்
தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் வேலியிலும் புதரிலும் இலை நுனியைச் சுருட்டிப் பற்றி ஏறும். மலரும்போது மஞ்சளும் பச்சையுமாக இருந்து, நாளாக ஆகச் செந்நிறமாகும். இதையே உழவர்கள் கண்வலிக் கிழங்கு என்கிறார்கள். கரூர், திண்டுக்கல் பக்கம் இதன் விதைக்காகவே பயிரிடுவதால், காட்டில் தோண்டாமல் பயிரிடுவோரிடம் கிழங்கு வாங்க முடியும். மழைக்கு முன், வளைந்த கிழங்கின் முளை நுனி ஒடியாமல், மூன்று விரல் ஆழத்தில் படுக்க வைத்து நடுங்கள். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தோண்ட வேண்டாம்; கிழங்கு அடுத்த மழை வரை உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகும்.
எச்சரிக்கை: இதன் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நடாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108ஐ அழையுங்கள். செடியின் ஒரு துண்டையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

9. முள்கம்பிக்குப் பதில் உயிர்வேலி
நொச்சியும் ஆடாதோடையும் ஆடு மாடு எளிதில் வாய் வைக்காத செடிகள். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சிகளை மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். நொச்சியின் நீலப் பூங்கொத்துக்குத் தேனீக்கள் வரும். நொச்சி நட்டால் கொசு தானாக ஓடிவிடும் என்று நம்பி, தொட்டித் தண்ணீரை மூடாமல் விட்டுவிடாதீர்கள்.

10. வாடகை வீட்டு மாடிக்கு
ஆலை வேலைக்காக வந்து குடியிருப்பவர்களுக்குத் தோட்டம் கிடைக்காது, தொட்டி கிடைக்கும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு போதும். தும்பை, சிறுபூளை, விஷ்ணுகிரந்தி, கனகாம்பரம் நன்றாக வரும். வறட்சிக்குப் பழகிய செடிகளைக் கொல்வது அதிகத் தண்ணீர்தான். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்; இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

11. பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது
பூ, வளர்ந்த பட்டாம்பூச்சிக்கு உணவு. அதன் புழுவுக்கு வேண்டியது இலை, அதுவும் குறிப்பிட்ட செடியின் இலை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் எலுமிச்சை அழகி முட்டையிடும். சரக்கொன்றையிலும் ஆவாரையிலும் கொன்றை வெள்ளையன். எருக்கில் வெந்தய வரியன். ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி. கிலுகிலுப்பைச் செடி இருந்தால் வரியன்கள் கூட்டமாக வந்து அமரும். இலையில் ஓட்டை கண்டால் மருந்து அடிக்காதீர்கள். கறிவேப்பிலைச் செடி இரண்டு வைத்து, ஒன்றைச் சமையலுக்கும் ஒன்றைப் புழுவுக்கும் விடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் அதை வீட்டு வாசலில் அல்லாமல் வேலிக் கடைசியில் வையுங்கள்.

12. மரம் நட இடமிருந்தால்
குல்மோகர், ஜகரண்டா போன்ற அயல்நாட்டு மரங்கள் பெங்களூரின் அழகைப் பார்த்து இங்கும் பரவுகின்றன. அந்த இடத்தில் சரக்கொன்றை, புங்கம், வெட்பாலை, புரசு வைத்துப் பாருங்கள். நிழலுக்குப் புங்கம், வண்ணத்துக்குச் சரக்கொன்றை. சென்னபட்டணா மரப்பொம்மை கடைவது வெட்பாலை மரத்தில்தான் என்று சொன்னால் பிள்ளைகள் அந்த மரத்தை மறக்க மாட்டார்கள். சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, மின்கம்பிக்குக் கீழே வராதபடி நடுங்கள்.

சமைக்க, பண்டிகைக்கு

13. களிக்குத் துணை பண்ணைக்கீரை
கேழ்வரகு வயலில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் விட்டுப் பூப்பது பண்ணைக்கீரை. கன்னட வீடுகளில் இதையே அண்ணே சொப்பு என்று தேடிப் பறிப்பார்கள். பூக்கும் முன் தளிரைக் கிள்ளித் துவரம்பருப்போடு கடைந்தால் கேழ்வரகுக் களிக்கு நல்ல துணை. மூன்றில் ஒரு பங்குச் செடியைப் பூத்து விதை விழ விடுங்கள். களைக்கொல்லி தெளித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் கீரை பறிக்காதீர்கள்.

14. ஆவாரம்பூவும் வேப்பம்பூவும்
மரத்தடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்தால் வேப்பம்பூ தானே விழும். கிளை ஒடிக்க வேண்டாம். யுகாதிப் பச்சடிக்கும் சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் எடுத்தது போக, மீதியை நிழலில் உலர்த்திப் புட்டியில் வையுங்கள். ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும். ஆவாரம்பூவையும் நிழலில் உலர்த்திக் கொதிநீரில் போட்டுக் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

15. பொங்கல் காப்பிலிருந்து அடுத்த ஆண்டுச் செடி
போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபூளை சேர்த்து வீட்டுக் கூரையிலும் மாட்டுக் கொட்டகையிலும் காப்புக் கட்டுவோம். செடியை வேரோடு பிடுங்காமல் கத்தரியால் கொத்தை மட்டும் வெட்டுங்கள். பண்டிகை முடிந்து காப்பை அவிழ்க்கும்போது குப்பையில் எறியாமல், முற்றிய பூளைக் கதிர்களைத் தொட்டி மண்மேல் உதிர்த்து லேசாக மண் தூவுங்கள். அந்தப் பஞ்சுக்குள் கடுகைவிடச் சிறிய விதை இருக்கும்.

காக்க

16. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள்
நாட்டுச் செடிக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் வெளியேற வேண்டியது காங்கிரஸ் செடி எனப்படும் பார்த்தீனியம். தோல் அரிப்பும் மூச்சுத் திணறலும் தரும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு எடுங்கள். அதன் இலையை மட்டும் தின்னும் வண்டை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். வெளிர் உடலில் கருங்கோடுகள் உள்ள அந்தச் சிறு வண்டைச் செடியில் கண்டால் கொல்லாதீர்கள். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் மறுபடி அதுவே வரும். துத்தி, ஆவாரை விதையைத் தூவி இடத்தை நிரப்புங்கள்.

17. அழகுக்கு வைத்த அயலார்
பல வண்ணப் பூவோடு வேலியில் நிற்கும் உண்ணிச்செடி வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பழத்தைப் பறவைகள் தின்று, விதையைக் காட்டுக்குள் கொண்டு போகின்றன. புதராக மூடி, யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல்லை அழிக்கிறது. வீட்டு வேலியில் இருந்தால் வேரோடு எடுத்து நொச்சி நடுங்கள். எல்லைக்கு அப்பால் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் அதன் தண்டில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். அழகுத் தொட்டியில் வளர்க்கும் ஆகாயத்தாமரையை ஏரியில் வீசாதீர்கள்; சாக்கடை கலந்த நீரில் அது வெகு வேகமாகப் பெருகும். வெயிலில் காய வைத்து உரக்குழியில் போடுங்கள். தொட்டிக்கு நாட்டு அல்லி வையுங்கள்.

18. காலி மனையில் ஒரு மீட்டர்
வீடு கட்டும் வரை மனையை மொட்டையாக வைக்க வேண்டியதில்லை. எல்லையோரம் ஒரு மீட்டர் அகலத்தை மட்டும் தும்பைக்கும் ஆவாரைக்கும் விடுங்கள். பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. அதனால் பக்கத்து வீட்டுச் சுவரையும் நடைபாதையையும் ஒட்டி மூன்று மீட்டரைச் சுத்தமாக வைத்து, கல் குவியலும் குப்பையும் சேராமல் பாருங்கள். பிப்ரவரியில் விதை உதிர்ந்த பிறகு ஒருமுறை அரிவாளால் அறுத்தால் போதும். தீ வைக்காதீர்கள், விதையோடு மண்ணும் வேகும்.

19. மாந்தோப்புக்குப் பூவோரம்
கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பேர்போனது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் சிறு தேனீக்களும். மாம்பூ சில வாரங்களே இருக்கும். ஆண்டின் மீதி நாட்களில் அந்தப் பூச்சிகள் எதைத் தின்னும்? தென்னாப்பிரிக்க மாந்தோப்புகளில் நாட்டுப் பூச்செடித் திட்டுகள் வைத்துப் பார்த்தபோது பூச்சிகளின் வரத்தும் விளைச்சலும் கூடியதாக 2012இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வரப்போரம் தும்பை, துத்தி, ஆவாரை ஆகியவற்றை விட்டு வையுங்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

20. எல்லா வெற்றிடமும் மரத்துக்கு அல்ல
பாறைத்தளம், புல்வெளி, புதர்க்காடு ஆகியவை வெயிலில் வாழும் செடிகளின் வீடு. அங்கே குழி தோண்டி மரம் நட்டால் நிழலில் அந்தப் பூக்கள் மறையும். விதைப்பந்து வீசுவதிலும் இதே கவனம் வேண்டும். சொந்த நிலத்திலும், ஊர் ஒப்புக்கொண்ட இடத்திலும், அந்தப் பகுதி விதையை மட்டும் போடுங்கள். காப்புக் காட்டுக்குள் வீச வேண்டாம்.

21. காட்டோர வீடுகளுக்கு
தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் அறுவடைக் காலத்தில் யானை வரும். வீட்டை ஒட்டி வாழை, பலா, மூங்கில் வைக்காமல் நொச்சி, ஆடாதோடை, புங்கம் வையுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த புல்லில் பீடித்துண்டு விழுந்தாலும் மலை முழுக்க எரியும். புகை கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

22. ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள்
உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு மேலாண்மைக் குழுவும், ஊரின் செடி, விலங்குகளை எழுதி வைக்கும் மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். விடுபட்ட செடிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியின் கருங்கல் குன்றுகள் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. குன்றும் சுனையும் ஏரியும் நம் மாவட்டத்திலும் உண்டு. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மாநகராட்சிப் பகுதியினர் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம். ஐந்தாவது குறிப்பின்படி எடுத்த படங்களை அச்சிட்டு, எந்தச் செடி எந்த ஏரிக்கரையில், எந்தக் குன்றில் நிற்கிறது என்று எழுதிக் கொண்டு போங்கள். தூர்வாரவும் சாலை போடவும் வரும் ஒப்பந்தக்காரர் அந்த இடத்தை விட்டு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.